சாவி போச்சு, கிரில் பூட்டு போகலையே!

பினாங்கில் ஏதாவது ஓர் அடுக்குமாடியின் மின்தூக்கியிலிருந்து இறங்கி, நடைபாதை நெடுக ஒருமுறை நடந்து பாருங்கள். ஆயர் ஈத்தாமோ ஜெலுத்தோங்கோ, காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் காலணி அலமாரி. கதவுக்கு மேலே மாவிலைத் தோரணம், அல்லது சீனர் வீடென்றால் சிவப்புத் தாள். முன்னால் இரும்பு கிரில். அண்மைய ஆண்டுகளில் இந்தக் காட்சியில் ஒரு புதுப் பொருள் சேர்ந்திருக்கிறது. மரக்கதவின் பிடிக்கு மேலே கறுப்பாக, பளபளப்பாக ஒரு பட்டை. விரலை வைத்தால் நீல வெளிச்சம், குட்டி இசை, பிறகு 'டொக்'. கதவு திறந்தாயிற்று. சாவி வேண்டாம்.

இப்போது அதே வாசலின் கிரில்லைப் பாருங்கள். அதில் பழைய தொங்குபூட்டு ஒன்று கிடக்கும். அதற்குச் சாவி வேண்டும். அந்தச் சாவி வீட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அப்பா ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார், பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

ஆயிரம் வெள்ளிப் பூட்டுக்கு இருபது வெள்ளிப் பூட்டு காவல் நிற்கிறது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வீட்டுக்குள் புகை சூழும் ஓர் இரவில், குடும்பம் வெளியே வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கப் போவது அந்த இருபது வெள்ளிப் பூட்டுதான். மின்னிலக்கப் பூட்டு விற்பவர்கள் கள்வனைப் பற்றியே பேசுகிறார்கள். உள்ளே இருப்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் இந்த வாரம் அதைப் பேசலாம் என்று தோன்றியது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பூட்டுகள் வெறும் ஆடம்பரம் இல்லை. பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில்பேட்டை 1972இல் தொடங்கியது முதல் பினாங்குக் குடும்பங்களின் கடிகாரம் மாறிப்போனது. அம்மா காலை ஷிப்டு, அப்பா இரவு ஷிப்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளையின் கழுத்தில் கயிறு, கயிற்றில் வீட்டுச் சாவி. அந்தச் சாவி பள்ளி வேனில் விழுந்தால் ஒரு மதியம் முழுக்க மாடிப்படியில் உட்கார வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்தவர்கள் இன்று பெற்றோராகி, தம் பிள்ளைக்குச் சாவிக்குப் பதிலாக ஆறு இலக்கம் சொல்லித் தருகிறார்கள். என்னைப் போல் காலை நிகழ்ச்சிக்காக விடியுமுன் நான்கு மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கும், சாவிக்கொத்தின் சலசலப்பால் வீட்டையே எழுப்பிவிடாத கதவு ஒரு வரம்தான்.

பூட்டோடு நமக்குள்ள உறவும் நேற்று வந்ததில்லை. ஜார்ஜ்டவுன் பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் செய்வார்கள். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு பூட்டு. தமிழ்நாட்டில் பூட்டுக்கென்றே பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். அங்கே கையால் செய்யும் பூட்டுகளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவற்றில் மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு நம் தாத்தா பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டிகளில் தொங்கியிருக்கலாம். நாம் இன்று வீட்டில் பயன்படுத்தும் தட்டைச் சாவிப் பூட்டு அமெரிக்காவின் லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற வடிவம்.

சாவியே இல்லாமல் பூட்டலாம் என்ற எண்ணம் வேரூன்றியது வீட்டில் இல்லை, ஹோட்டலில். 1970களில் நார்வேயைச் சேர்ந்த தோர் சோர்னெஸ் என்பவர், துளையிட்ட பிளாஸ்டிக் அட்டையால் திறக்கும் பூட்டை உருவாக்கினார். அறைக்கு விருந்தினர் மாறும்போது பழைய அட்டை செல்லாமல் போய்விடும். பூட்டு அதேதான், சாவி மட்டும் புதிது. பூட்டைக் கழற்றாமல் சாவியை மாற்றுவது என்ற அந்த ஒரே யோசனைதான் இன்றுவரை இந்தத் தொழிலின் உயிர். பிறகு தென்கொரியா இதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கொரிய அடுக்குமாடிகளில் எண் தட்டித் திறக்கும் கதவுகள் பெருகின. கொரியத் தொடர்களில் காதலன் கதவு எண்ணைத் தட்டிவிட்டு உள்ளே நுழையும் காட்சியைப் பார்த்துப் பழகிய நமக்கு, அது கடைக்கு வந்தபோது அந்நியமாகத் தெரியவில்லை.

கறுப்புப் பட்டைக்குள் என்ன?

உள்ளே பெரிய மாயம் ஒன்றும் கிடையாது. கதவின் விளிம்பில் பழைய பூட்டில் இருப்பது போலவே இரும்பு நாக்கு உண்டு. முன்பு அதைச் சாவி தள்ளியது. இப்போது ஒரு சின்ன மோட்டார் தள்ளுகிறது, அல்லது மோட்டார் உள்ளே ஓர் இணைப்பை மட்டும் ஏற்படுத்த, பிடியைத் திருப்பி நாமே தள்ளுகிறோம். எண், கைரேகை, அட்டை, கைப்பேசிச் செயலி எல்லாமே அந்த மோட்டாரிடம் 'சரி, திற' என்று சொல்லும் வெவ்வேறு வாய்கள்தான். விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி மூவாயிரத்தைத் தாண்டியும் போகிறது.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலான வீட்டுப் பூட்டுகள் ஏஏ பேட்டரியில் ஓடுகின்றன, நான்கு அல்லது எட்டு. வீட்டு மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேட்டரி தீரும் முன் பல நாள் அழுது எச்சரிக்கும். நாமும் வழக்கம்போல 'நாளைக்குப் பார்க்கலாம்' என்போம். கடைசியில் அது கண்ணை மூடிவிட்டாலும் வழி உண்டு. வெளிப்பக்கத்தில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரியை அதில் வைத்து அழுத்திக்கொண்டே எண்ணைத் தட்டினால் திறக்கும். புதிய மாடல்களில் அதற்குப் பதில் யூஎஸ்பி துளை. கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் போதும். அந்த 9 வோல்ட் பேட்டரியைத் தாராளமாகக் காலணி அலமாரியிலேயே போட்டு வைக்கலாம். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த சாவி மாதிரி கிடையாது. எண் தெரியாதவன் கையில் அது வெறும் பேட்டரி.

கைரேகைதான் வயதானவர்களோடு மல்லுக்கு நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் பால்மரம் வெட்டிய கை, துணி துவைத்த கை, சிமெண்டு குழைத்த கை. ரேகை தேய்ந்திருக்கும். வயது ஏற ஏறத் தோலும் வறண்டுபோகும். பேரப்பிள்ளைக்கு ஒரு தொடலில் திறக்கும் கதவு பாட்டிக்கு மூன்று முறை 'பீப்' போட்டு முகத்தில் அறைகிற மாதிரி மறுத்துவிடும். "என் வீட்டுக்கே நான் ஆகாதவளாயிட்டேன்" என்று ஒரு பாட்டி வேடிக்கையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. அவர்களுக்கு அட்டை கொடுங்கள், அல்லது மறக்க முடியாத ஓர் எண். வளரும் பிள்ளைகளின் விரலும் மாறும். அவர்களுடையதை இடையிடையே மறுபதிவு செய்ய வேண்டும்.

புகை வந்தால்?

2017 செப்டம்பர் 14ஆம் நாள் அதிகாலை, கோலாலம்பூர் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு சமயப்பள்ளியின் தங்கும் விடுதி எரிந்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக 23 பேர் இறந்தார்கள். வாசல் பக்கம் நெருப்பு, சன்னல்களில் திறக்க முடியாத இரும்புக் கம்பிகள். அது விடுதி, வீடு இல்லை. ஆனால் அந்தக் கம்பி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. திருடனுக்குப் பயந்து சன்னலுக்கும் கதவுக்கும் இரும்பு போட்டுக்கொண்ட நாடு நம்முடையது. வீடு தீப்பற்றி உயிர்ச்சேதம் நேரும் போதெல்லாம் தீயணைப்பு மீட்புப் படை திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று, கிரில் சாவி எல்லார் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்பது. இருட்டில், புகையில், இருமிக்கொண்டு, ஒரு கொத்தில் எட்டுச் சாவியைத் தடவி, தொங்குபூட்டின் துளையைத் தேடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள். பகலில், பதற்றமே இல்லாமல் செய்தாலும் எவ்வளவு நேரம் ஆகிறதென்று தெரியும்.

மின்னிலக்கப் பூட்டின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. நல்ல பூட்டு உள்ளேயிருந்து எதுவும் கேட்காது. எண் வேண்டாம், விரல் வேண்டாம், சாவி வேண்டாம். பிடியைத் திருப்பினால் திறக்கும். ஐந்து வயதுப் பிள்ளையும் திறக்கலாம். சில பூட்டுகளில் வெப்ப உணரியும் உண்டு. உட்பகுதி ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டினால் அலறும். தானாகவே திறந்துகொள்பவையும் இருக்கின்றன. ஆனால் மரக்கதவுக்கு இதைப் போட்டுவிட்டு கிரில்லில் தொங்குபூட்டை விட்டுவைத்தால், குடும்பம் இரண்டு கதவுகளுக்கு நடுவே நிற்கும். கிரில்லுக்கென்றே தனி மின்னிலக்கப் பூட்டு இப்போது வருகிறது. மரக்கதவையும் கிரில்லையும் சேர்த்து விற்பவர்களும் உண்டு. கைச்செலவு இடிக்கிறதென்றால் என் யோசனை கொஞ்சம் தலைகீழானது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் கிரில்லுக்குப் போடுங்கள், உள்ளேயிருந்து கைப்பிடியால் திறப்பதாக. அதுவும் முடியாவிட்டால் தொங்குபூட்டின் சாவியை, கதவுக்கு அருகே, ஆனால் வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத தூரத்தில், ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். ஆணியின் விலை சில காசு.

எல்லா மின்னிலக்கப் பூட்டும் உள்ளேயிருந்து இப்படிச் சுலபமாகத் திறக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. முழுத் தானியங்கி வகைகளில் உள்பக்கப் பொத்தானும் மோட்டாரை நம்பியே இருக்கும். அவற்றில் கையால் திருப்பும் குமிழ் தனியாக ஒன்று இருக்க வேண்டும். அது எங்கே என்று பொருத்துகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொருத்திய அன்றே ஒரு சோதனை செய்யலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பூட்டை நாக்கு நீட்ட வையுங்கள். பேட்டரி எல்லாவற்றையும் கழற்றுங்கள். இப்போது உள்பிடியை, அல்லது குமிழைத் திருப்புங்கள். நாக்கு உள்ளே போனால் சரி. போகவில்லையென்றால் பணம் கொடுக்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் எல்லாரும், பாட்டி உட்பட, ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

சில மாடல்களில் வெளியேயிருந்து போடும் 'கட்டாயப் பூட்டு' என்று ஒன்று உண்டு. வீட்டில் ஆள் இல்லாதபோது போடுவதற்கானது. அதைப் போட்டபின் உள்ளேயிருந்து திறந்தால் அலாரம் அடிக்கும். சிலவற்றில் திறக்கவே திறக்காது. இதை வைத்து ஆளை உள்ளே வைத்துப் பூட்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதைச் சங்கடத்தோடுதான் எழுதுகிறேன். மறதிநோய் வந்த அப்பா தெருவில் இறங்கிப் போய்விடுவார் என்று பயந்து பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கொடியவர்கள் இல்லை. பகல் பராமரிப்புக்குப் பணம் இல்லாதவர்கள். வீட்டுப் பணிப்பெண்ணைப் பூட்டி வைக்கிறவர்கள் வேறு ரகம், அவர்களுக்கு என்னிடம் நல்ல வார்த்தை கிடையாது. அப்பாவுக்கு வழி உண்டு. கதவு திறந்தால் மகனின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் உணரியைப் பொருத்தலாம், எதிர்வீட்டு ஆண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். அப்பா வெளியே போனால் தேடிப் பிடிக்கலாம். உள்ளே தீப்பிடித்தால் எதுவும் செய்ய முடியாது.

கொண்டோவாசிகள் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. பொது நடைபாதையை நோக்கித் திறக்கும் உங்கள் முதன்மைக் கதவு பெரும்பாலும் சாதாரண மரக்கதவு இல்லை. தீயைக் குறிப்பிட்ட நேரம் தடுத்து நிறுத்தும் தீத்தடுப்புக் கதவு. 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டட துணைச் சட்டங்கள் அதைக் கேட்கின்றன. அதில் கண்ட இடத்தில் துளை போட்டுப் பூட்டு மாட்டினால் கதவின் தடுக்கும் சக்தி கெடும். தீத்தடுப்புக் கதவுக்கென்று சோதிக்கப்பட்ட பூட்டுகள் இருக்கின்றன. சிங்கப்பூர் வீவக வீடுகளில் இதைக் கறாராகப் பார்க்கிறார்கள். இங்கே விற்பவர் தானாகச் சொல்வது குறைவு. துளைபோடும் கருவி வாசலுக்கு வருமுன் நிர்வாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஹேக்கரும் கத்தரியும்

இணையத்தில் எவனோ உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக் கதவைத் திறந்துவிடுவானா? இந்தப் பயம் முழுக்கக் கற்பனை இல்லை. அட்டையால் திறக்கும் பல அமைப்புகளில் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் என்ற சில்லின் மறைக்குறியீட்டை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008லேயே உடைத்துக் காட்டினார்கள். பதினாறு ஆண்டு கழித்து, 2024இல், அதே குடும்பத்து அட்டையைப் பயன்படுத்திய சாஃப்லாக் ஹோட்டல் பூட்டுகளில் வேறோர் ஆய்வாளர் குழு ஓட்டையைக் கண்டது. 131 நாடுகளில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள். 2017 ஆகஸ்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம் இணையம் வழியே அனுப்பிய தவறான மென்பொருள் ஏறத்தாழ 500 பூட்டுகளை ஒரே அடியில் செயலிழக்க வைத்தது. கள்வனும் வரவில்லை, ஹேக்கரும் வரவில்லை, பூட்டு செய்தவரே பூட்டைக் கெடுத்தார். சாதாரணச் சாவியைக் கையில் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஆனால் பினாங்குத் திருடன் மடிக்கணினியோடு வருவதாக எனக்குத் தோன்றவில்லை. அவனிடம் இருப்பது இரும்பு வெட்டும் கத்தரி. அதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது. அணுகல் அட்டையைச் சாவி வெட்டும் கடைகளிலேயே நகல் எடுத்துத் தருகிறார்கள். ஆகவே அட்டையை 'தொலைந்தாலும் பரவாயில்லை' என்று விடாதீர்கள். தொலைந்த அன்றே பூட்டின் நினைவிலிருந்து நீக்குங்கள். தொழிற்சாலை வைத்து அனுப்பிய முதன்மை எண்ணைப் பொருத்துகிறவர் போனதும் மாற்றுங்கள். ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் எண்கள் கிடைக்கும்போது, நம் ஆட்கள் தேர்ந்தெடுப்பது மூத்த பிள்ளையின் பிறந்தநாள். அது முகநூலில் பலூனோடு இருக்கிறது. பக்கத்தில் ஆள் நின்றால் எண்ணுக்கு முன்னும் பின்னும் சில பொய் இலக்கங்களைத் தட்டலாம், பல பூட்டுகள் அதை ஏற்கும். கைப்பேசிச் செயலி அவசியம் இல்லையென்றால் இணையத்தோடு இணைக்காமலே விடலாம். விரலும் எண்ணும் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

இணைத்துவிட்டால் வேறொரு கதை தொடங்கும். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று பூட்டு எழுதி வைக்கும். குறுகியகால வாடகைக்கு விடுகிறவருக்கு அது பயன்படலாம். பினாங்கு அரசு 2023இல் கொண்டுவந்த வழிகாட்டிகளுக்குப் பிறகு அந்தத் தொழிலே பல கொண்டோக்களில் சிக்கலாகிவிட்டது, அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் குடும்பத்தில்? மருமகள் எத்தனை மணிக்கு வந்தாள், கல்லூரி மகள் எத்தனை மணிக்கு வந்தாள் என்று வேலையிடத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். "11.40க்கு வந்திருக்க, 10 மணின்னு சொன்னியே" என்று காலைச் சாப்பாட்டில் ஆரம்பிக்கும். மகனின் வருகை நேரத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். செயலியின் முதன்மைக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் வீட்டின் வாட்ச்மேன். மணமுறிவு நடக்கும் வீடுகளில் ஒருவர் விரலை மற்றவர் ஓர் இரவில் அழித்துவிட முடியும். பூட்டு வாங்கும்போதே முதன்மைக் கணக்கு கணவன் மனைவி இருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும் என்று சொன்னால் சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

வெளியே கிளம்புமுன் ஒரு சின்ன விஷயம். பெட்டியைப் பிரிக்கும்போது அட்டியில் ஓர் உறைக்குள் இரண்டு சிறிய சாவிகள் இருக்கும். எல்லா மின்னணுவும் கைவிட்டால் பட்டைக்குள் மறைந்திருக்கும் துளையில் போட்டுத் திறக்க. பலர் அந்த இரண்டையும் பத்திரமாக அலமாரி இழுப்பறையில், வீட்டுக்குள்ளேயே, வைத்துவிடுகிறார்கள். ஒன்றை வெளியே வைக்க வேண்டும். அலுவலக மேசையில் வைக்கலாம், அது இரவில் பூட்டியிருக்கும். பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கை வீட்டில் வைக்கலாம், நள்ளிரவு இரண்டு மணிக்குப் பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டிப் போய் எழுப்பத் தயாராக இருந்தால். நான் எதிர்வீட்டுச் சீன ஆண்டியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் வீட்டில் இன்னும் பழைய பூட்டுதான். அவருடைய சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது.